ஒன்று புள்ளி இரண்டு குராமோச்சி

கோப்பையை மேசையில் வைத்ததும் குராமோச்சி சான் அதைக் குடிக்க மாட்டார். கைப்பிடி வலப்பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். இல்லையென்றால் தட்டோடு சேர்த்து ஒரு விரலால் மெல்லத் திருப்புவார். பிறகு கழுத்தில் தொங்கும் காமிராவைத் தூக்கிக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே உடம்பை முன்னே சாய்ப்பார், பின்னே சாய்ப்பார், மறுபடி முன்னே. கோப்பை விளிம்பில் அரிசி அளவு இடம் ஒன்று கூர்மையாகத் தெரிய வேண்டும். மற்றதெல்லாம், அந்தக் கோப்பையின் மறுவிளிம்பு உட்பட, கரைந்து ஒழிந்துவிட வேண்டும். மூச்சைப் பிடிப்பார். ஒரு சொடுக்கு. திருப்தி இல்லை என்று தலையை ஆட்டுவார். இன்னொரு சொடுக்கு. இதெல்லாம் முடிவதற்குள் காப்பி ஆறி அவலாகியிருக்கும்.

"சூடா வேற போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டால் பதறுவார்.

"வேணாம் கடைக்காரம்மா, வேணாம். ஆவி வந்தா லென்ஸ்ல படியும். காப்பின்னா ஆறினதுதான் அழகு."

காப்பிக்கடை நடத்துகிறவளிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? நகாநோ ஸ்டேஷனுக்குப் பின்சந்தில் இருபத்திரண்டு வருடமாக இந்தக் கடையை நடத்துகிறேன். என் காப்பி கசக்கிறது என்று சொன்னவர்கள் உண்டு. இதற்குப் பச்சைத் தண்ணீரே தேவலை என்று சொன்னவரும் உண்டு. ஆறினால்தான் அழகு என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். ஒன்பது வருடமாகத் தினமும் காலை பத்து மணிக்கு வந்து ஜன்னலோர மேசையைப் பிடித்துக்கொள்கிறார். துரத்தவும் மனசு வரவில்லை.

வயது அறுபத்தெட்டு. மெலிந்த உடம்பு, நீளமான காதுகள். அந்தக் காதுகளை வைத்துத்தான் முப்பத்தைந்து வருடம் பிழைத்தார். நகரசபைக் குடிநீர்ப் பிரிவில், தார்ச்சாலை மேல் ஒரு நீளக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்து, பூமிக்கடியில் குழாய் எங்கே கசிகிறது என்று கேட்டுச் சொல்லும் உத்தியோகம். "இந்தச் சந்துல யார் வீட்டுல எத்தனை மணிக்குக் குளிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும்" என்று ஒரு காலத்தில் பெருமையடித்துக்கொள்வார். ஓய்வு பெற்ற மறுவாரம் இந்த லென்ஸை வாங்கினார். அன்றோடு காதுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் மனைவி என்ன சொன்னாலும் இப்போது அவருக்குக் கேட்பதில்லை.

லென்ஸ் என்றால் அப்படி இப்படி லென்ஸ் அல்ல. ஊறுகாய் ஜாடியின் அடிப்பாகம் மாதிரி கனத்த கண்ணாடி. ஐம்பது மில்லிமீட்டர். முறுக்கினால் காட்சியைக் கிட்டே இழுக்கும், தூரத் தள்ளும் வித்தையெல்லாம் இதனிடம் கிடையாது. கிட்டே வேண்டுமானால் காலால் நடந்து போக வேண்டும், தூர வேண்டுமானால் பின்னால் நடக்க வேண்டும். ஒரு தடவை செர்ரிப் பூவுக்காகப் பின்னால் நடந்து நடந்து, மீன்கடை ஐஸ் பெட்டியில் கானாங்கெளுத்திகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்காமல் அங்கிருந்தே படத்தை எடுத்து முடித்தார் என்று மீன்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்.

லென்ஸின் மூக்கில் பொறித்திருக்கும் எண் ஒன்று புள்ளி இரண்டு. எண் சின்னதானால் லென்ஸின் கண் அகலமாகத் திறக்கும் என்று அர்த்தம். மற்றவர்கள் விளக்கைத் தேடும் இடத்தில் இவருடைய லென்ஸ் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் அவ்வளவு அகலமாகத் திறந்தால் பார்வை ஒரு தாளின் கனத்துக்குத்தான் கூர்மையாக நிற்கும். தாளுக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் மங்கிக் குழைந்துவிடும். அந்த மங்கலுக்குத்தான் இவர் அடிமை. லென்ஸின் கழுத்தில் ஒரு வளையம் உண்டு. திருப்பினால் கண்ணைச் சுருக்கலாம். ஒன்று புள்ளி நாலு, இரண்டு என்று எண் ஏற ஏற எல்லாம் தெளிவாகும். எட்டில் வைத்தால் முன்னால் நிற்பவர், பின்னால் இருக்கும் சுவர், சுவரில் ஒட்டிய நோட்டீஸ் எல்லாமே தெரியும். குராமோச்சி சான் ஒன்பது வருடத்தில் அந்த வளையத்தை ஒருமுறை கூடத் திருப்பியதில்லை.

"ஏன் சார், அதைக் கொஞ்சம் சுருக்கித்தான் பாருங்களேன்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு.

"ஒண்ணு புள்ளி ரெண்டை வாங்கிட்டு எட்டுல எடுக்கறதா? புல்லட் ரயில்ல டிக்கெட் வாங்கிட்டு, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நிறுத்துப்பான்னு டிரைவர்கிட்ட கெஞ்சுவீங்களா நீங்க?"

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு என் கடையில் போட்டோக் கழகம் கூடும். நாலு மேசையைச் சேர்த்துப் போட்டு, அவரவர் படத்தைப் பரப்பி, பிடித்த படத்தின் கீழ் அவரை விதையை வைப்பார்கள். அதிக விதை வாங்கியவருக்கு என் செலவில் ஒரு கேக். குராமோச்சி சானுக்கு ஒன்பது வருடத்தில் மூன்று விதை விழுந்திருக்கிறது. அதில் இரண்டு அவரே வைத்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. படத்தில் இருப்பது பூவா, பூனையா, போலீஸ்காரரா என்று நாங்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். அவர் மேலே நின்று, "பின்னாடி பாருங்க! எப்படி உருகியிருக்கு! வெண்ணெய்!" என்பார். முன்னால் என்ன இருக்கிறது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கண்டுபிடித்ததில்லை.

கழகத்தில் பல் டாக்டர் அகியாமா ஒருவர்தான் அவருக்குச் சரிசமமாக வாய் கொடுப்பவர். டாக்டரிடம் இழுத்து நீட்டும் ஜூம் லென்ஸும், கண்ணைப் பறிக்கும் ஃப்ளாஷும் உண்டு. இரண்டும் குராமோச்சி சானுக்கு ஆகாது.

"லென்ஸ்ல வெளிச்சம் பத்தாதவங்கதான் மின்னல் வெட்டணும்" என்றார் ஒரு நாள்.

"முழுசாத் திறந்து வெச்சுக்கிட்டே இருந்தா என்னாகும் தெரியுமா குராமோச்சி சான்? என் தொழில்ல ஓட்டையைத் திறக்கவும் தெரியணும், அடைக்கவும் தெரியணும். இல்லன்னா பல்லு கொட்டிடும்" என்றார் டாக்டர்.

கடையே சிரித்தது. குராமோச்சி சானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே டாக்டரின் மூக்கு நுனியை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

பாவம், அவர் மனைவி நொபுகோ சான். உலகத்திலேயே அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட இடது கண் அவருடையதாகத்தான் இருக்க வேண்டும். ஆல்பத்தை ஒரு நாள் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அதே இடது கண். வலது கண் எல்லாப் படத்திலும் தூக்கத்தில் இருப்பது மாதிரி மங்கிக் கிடந்தது.

"இது கியோட்டோ. இது நாரா. இது ஹொக்கைடோ. வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்குப் போனது" என்று விரலை வைத்துக்கொண்டே போனார். "எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேக்கறீங்களா? நான் போட்டிருக்கற சட்டையை வெச்சு. பின்னாடி எல்லா ஊரும் ஒரே கலங்கின மிசோ சூப்புதான். வீட்டுக் கொல்லையிலயே நின்னிருக்கலாம், ரயில் சார்ஜாவது மிச்சம்."

இப்படி ஒரு மனிதரிடம் எங்கள் தெரு தன் கடைசிப் படங்களை ஒப்படைத்ததே, அதை என்னவென்று சொல்ல!

எங்கள் பக்கத்தில் எழுபது தாண்டியவர்கள் கடைசிப் படத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். சாவு வீட்டில் செவ்வந்திப் பூக்களுக்கு நடுவே, கறுப்புச் சட்டம் போட்டு, வந்தவர்கள் கும்பிடுகிற படம். எடுக்காமல் போய்ச் சேர்ந்தால், ஆபீஸ் சுற்றுலாவில் பீர் குடித்துக்கொண்டிருந்த முகத்தை வெட்டி, வேறு யாருடைய உடையிலோ ஒட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே மூத்தோர் சங்கம் வருடா வருடம் மே மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கும். தெருக்கூடத்தில் ஸ்டுடியோக்காரர் வந்து எடுப்பார். எல்லோரும் தலை வாரி, உதட்டுச் சாயம் பூசி, ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். அன்றைக்குச் சோற்றுப் பொட்டலமும் உண்டு. இந்த வருடம், தொண்ணூற்றெட்டில், ஸ்டுடியோக்காரர் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டார்.

"நான் இருக்கேனே" என்று எழுந்தார் குராமோச்சி சான்.

பத்தொன்பது பேரை எடுத்தார். ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு முன்னும் பின்னும் அசைந்தார், மூச்சைப் பிடித்தார். ஒருவரையும் அவசரப்படுத்தவில்லை. நானே, பரவாயில்லையே, இவ்வளவு சிரத்தை ஸ்டுடியோக்காரருக்குக் கூட இல்லையே என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து என் கடையில் உறைகளைப் பிரித்தார்கள். பத்தொன்பது இடது கண்கள்.

ஒவ்வொருவரும் அடுத்தவர் கையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தார்கள். பிறகு அழகுநிலையத்துப் பாட்டியம்மா ஒருவர், "ஏங்க, எனக்குச் சுருக்கமே இல்லையே!" என்று பூரித்துப்போனார். "சுருக்கம் மட்டுமா இல்ல, காதும் இல்ல, மோவாயும் இல்ல" என்றார் பக்கத்தில் இருந்தவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற சகுமா சான் படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "காது மிஷினைக் கழட்டலாமா வேணாமான்னு அரை மணி நேரம் யோசிச்சேன். காதே விழலையே!" குராமோச்சி சான் ஒவ்வொரு படமாகத் தொட்டு, "பின்னாடி திரைச்சீலை உருகினதைப் பாருங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தார். திட்டுகிறார்கள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போனார்கள். சாவதற்கு இன்னும் நாள் இருக்கிறது, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம்.

கிகுயோ சானுக்கு அந்தத் தைரியம் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கிகுயோ சான் டோஃபுக்கடைக்காரர். எழுபத்துநாலு வயது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோயா அரைத்து, எட்டு மணிக்குள் பாதியை விற்றுவிடுகிற பெண்மணி. வாயைத் திறந்தால் தெருமுனை வரை கேட்கும். உறைகளைப் பிரித்த அன்றைக்கு மட்டும் ஒன்றும் சொல்லாமல் படத்தை எடுத்துக்கொண்டு போனார். ஜூன் பிறந்து மழைக்காலம் ஆரம்பித்து, ஒரு திங்கட்கிழமை காலை, ரப்பர் பூட்ஸோடும் ஈர ஏப்ரனோடும் என் கடைக்குள் நுழைந்தார். நேராக ஜன்னலோர மேசைக்குப் போனார். குராமோச்சி சான் கோப்பைக்கு முன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிகுயோ சான் அந்தக் கோப்பையை எடுத்து, ஒரே மடக்கில் குடித்து, டக்கென்று வைத்தார்.

"சீ, பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு."

குராமோச்சி சான் காமிராவைக் கண்ணிலிருந்து எடுக்க மறந்து அப்படியே இருந்தார். அவர் எதிரே படத்தை வைத்தார் கிகுயோ சான்.

"இதுல நான் எங்க இருக்கேன்? காட்டுங்க."

ஐயோ, அந்த மனிதருக்கு வந்த சந்தோஷம்! ஒன்பது வருடத்தில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. படத்தை வெளிச்சத்தில் சாய்த்து, சுண்டுவிரல் நகத்தால் தொட்டுக் காட்டினார்.

"இதோ! இந்த இமையைப் பாருங்க. முடியை ஒண்ணொண்ணா எண்ணலாம்."

"எண்ணிட்டேன். பதினாலு. பதினாலு முடிக்குச் சட்டம் போட்டு மாட்டி, என் மருமக ஊதுவத்தி கொளுத்தணுமா? இன்னொரு கண்ணு எங்க?"

"அது... கொஞ்சம் பின்னாடி இருக்குங்க."

"என் கண்ணு ரெண்டும் பொறந்ததுலேர்ந்து முன்னாடிதான் இருக்கு! முத்திரை எங்க? நெஞ்சுல இருந்த குல முத்திரை?"

"அது கரைஞ்சிருக்கு. அதுதான் இந்த லென்ஸோட..."

"கரையறதுக்கு அது என்ன சர்க்கரையா?"

அந்த முத்திரையின் கதை தெருவுக்கே தெரியும். பதினோரு வருடத்துக்கு முன் கிகுயோ சானின் கணவர் திடீரென்று போய்விட்டார். எடுத்து வைத்த படம் கிடையாது. சவ அடக்கக் கம்பெனிக்காரர்கள், முன்பு அவர் வெந்நீர்க் குளியலுக்குப் போனபோது எடுத்த ஒரு படத்திலிருந்து தலையை வெட்டி, கறுப்புக் கிமோனோ ஒன்றில் ஒட்டிக் கொடுத்தார்கள். கழுத்து இரண்டு விரல் நீளம் அதிகம். நெஞ்சில் வேறு எந்தக் குடும்பத்தின் முத்திரையோ. பதினோரு வருடமாகத் தினமும் காலையில் முதல் டோஃபுவை அந்தக் கழுத்துக்குப் படைத்துவிட்டுத்தான் கடையைத் திறக்கிறார். "அந்த ஆளு யாருன்னே தெரியலம்மா. தெரியாத மனுஷன்கிட்ட தினமும் பேசிட்டிருக்கேன்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். பிறகுதான் சிறுகச் சிறுகச் சேர்த்து, மூன்று இலை சேர்ந்த தங்கள் குல முத்திரையோடு ஒரு பட்டுக் கிமோனோ தைத்துக்கொண்டார். அதை இதுவரை ஒரே ஒரு நாள்தான் கட்டியிருக்கிறார். படம் எடுத்த அன்று.

"வேற எடுத்துக் குடுங்க. எல்லாம் தெரியற மாதிரி. காது, கழுத்து, முத்திரை, எல்லாம்."

குராமோச்சி சான் கர்சீப்பை எடுத்து லென்ஸைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அப்படி வேணும்னா அகியாமா டாக்டரைக் கேளுங்க. எனக்குன்னு ஒரு கொள்கை இருக்கு. ஒரு சொடுக்கு கூடச் சுருக்க மாட்டேன்னு..."

"டாக்டர் அத்தாமிக்கு வெந்நீர்க் குளியலுக்குப் போயாச்சு, ஞாயித்துக்கிழமைதான் வருவார். நான் வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன். வெள்ளிக்கிழமை வயித்தைக் கிழிக்கிறாங்க. கட்டி. திறந்து பாத்தாத்தான் தெரியும்னு சொல்றாங்க." குரல் தெருமுனை வரை போகவில்லை. "உங்க கொள்கையை நான் என்ன பண்ணட்டும்? பெட்டியில கூட வெச்சு எடுத்துட்டுப் போகட்டுமா?"

படத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். கடையில் வாட்டப் போட்ட ரொட்டி கருகும் வாசனை வந்த பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. கோபமாகவும் வந்தது. ஒரு வளையம். திருப்பினால் திரும்புகிற வளையம். அதற்கு இவ்வளவு வீம்பா? "கிளம்புங்க, கடையைக் கழுவணும்" என்று அந்த நேரத்தில் இல்லாத வேலையைச் சொல்லி அவரை எழுப்பினேன்.

அன்று வீட்டில் நடந்ததை நொபுகோ சான் பிற்பாடு சொன்னார். மனுஷன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, கிகுயோ சான் அநியாயம் பேசியதை விலாவாரியாகச் சொல்லி நியாயம் கேட்டிருக்கிறார். நொபுகோ சான் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு, "அவங்களுக்கு எடுக்கப் போனீங்கன்னா, அப்படியே எனக்கும் ஒண்ணு எடுத்துடுங்க. எனக்கும் ரெண்டு கண்ணு இருக்கு. உங்களுக்குத் தெரியாதோ என்னமோ" என்றாராம். அந்தத் தடவை அது அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது.

மறுநாள் பத்து மணிக்கு வந்தார். கோப்பையைத் திருப்பவில்லை. சூட்டோடு சூடாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"கடைக்காரம்மா, உங்களுக்குக் கிமோனோ இடுப்புப் பட்டி கட்டிவிடத் தெரியுமில்ல? நாளைக்கு ரெண்டு மணிக்குக் கிகுயோ சான் வீட்டுக்கு வரணும். அவங்களால கையைப் பின்னாடி கொண்டு போக முடியலையாம்." கொஞ்சம் நிறுத்தி, பரம்பரை நிலத்தை விற்றுவிட்டு வந்தவர் முகத்தோடு சொன்னார்: "எட்டுல எடுக்கறதா சொல்லிட்டேன்."

புதன்கிழமை மழை ஊற்றித் தள்ளியது. வெளியே வெளிச்சத்தில் எடுக்கலாம் என்றால், பட்டுக் கிமோனோவை மழையில் கொண்டுபோக முடியாது என்று கிகுயோ சான் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். டோஃபுக்கடைக்குப் பின்னால் ஆறு பாய் அளவு அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. மேலே வட்டமான டியூப்லைட் ஒன்று. மூலையில் பூஜை அலமாரிக்குள்ளிருந்து நீளக் கழுத்துக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டேன். அந்த இடுப்பு என் கைக்குள் அடங்கியது. போன மாதம் இப்படி இல்லை.

குராமோச்சி சான் கழகத்தின் மூன்றுகால் தாங்கியை விரித்துக் காமிராவை மாட்டினார். பிறகு லென்ஸின் வளையத்தைப் பிடித்தார். வெகுநாள் திருப்பாத குழாய்த் திருகு மாதிரி முதலில் அசையவில்லை. அப்புறம் ஆறு சொடுக்குச் சத்தத்தோடு எட்டுக்கு வந்து நின்றது. வெளிச்சம் அளக்கும் கருவியைக் கிகுயோ சானின் மோவாயருகே பிடித்துப் பார்த்தவர் முகம் விழுந்துவிட்டது.

"ஒரு செகண்டு வருது. லென்ஸ் கண்ணைச் சுருக்கிட்டா, அவ்வளவு நேரம் திறந்து வெச்சிருந்தாத்தான் வெளிச்சம் பத்தும். நீங்க ஒரு செகண்டு அசையாம இருக்கணும்."

"ஒரு செகண்டு தானே? அம்பது வருஷம் மாமியார் வீட்டுல அசையாம இருந்திருக்கேன். எடுங்க."

முதல் தடவை எடுத்தார். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் நிறுத்தித் தலையை ஆட்டினார். கிகுயோ சான் நிமிர்ந்து, மண்டியிட்டு, சிலை மாதிரித்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் மடியில் கோத்திருந்த கைகள் நடுங்கின. கையிலிருந்து நடுக்கம் தோளுக்கு ஏறி, நெஞ்சிலிருந்த மூன்று இலையும் காற்றில் ஆடுவது மாதிரி ஆடின.

"கொஞ்சம் அசையாம..."

"நான் அசையல!" என்றார் கிகுயோ சான். "இந்தப் பாழாப்போன கைதான் ஆடுது. நான் என்ன பண்ண?"

குராமோச்சி சான் தாங்கியின் பின்னால் நின்றார். எட்டில் எடுப்பதற்குக் காமிராத் துவாரத்தில் கண்ணை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைய வேண்டியதில்லை. ஆகவே அவர் கண்ணில் காமிரா இல்லை. கிகுயோ சானின் முகத்தை, காது கழுத்து மோவாய் எல்லாவற்றையும், வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பழையபடி ஒண்ணு புள்ளி ரெண்டுல வெச்சா, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எடுத்துடலாம். நடுக்கமே தெரியாது" என்றார் தயங்கித் தயங்கி.

"முத்திரை தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியாது" என்றார்.

"அப்போ வேணாம்." அதைச் சொல்லும்போது உதடும் ஆட ஆரம்பித்துவிட்டது.

"கிகுயோ சான், பயமா இருக்கா?"

"முட்டாள் மாதிரி கேக்காதீங்க." தெருமுனை வரை கேட்கும் குரல் உடைந்தது. "இருக்கு. ரொம்ப பயமா இருக்கு."

தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்த என்னைக் குராமோச்சி சான் கையால் தடுத்தார். தள்ளி நின்று சொடுக்குவதற்காகக் காமிராவிலிருந்து தொங்கிய கம்பியின் நுனியை என் கைக்குள் வைத்து, கட்டைவிரலை எங்கே வைப்பது என்று காட்டினார்.

"நான் சொன்னதும் அமுக்குங்க. அமுக்கிப் பிடிச்சு, ஒண்ணு எண்ணி விடுங்க."

பிறகு பாயில் முழங்காலையும் கையையும் ஊன்றித் தவழ்ந்து போனார். கிகுயோ சான் அருகில் போனதும், படத்துக்குள் தன் தலை வந்துவிடாதபடி பாயோடு பாயாகக் குப்புறப் படுத்து, கழுத்தை உள்ளிழுத்து, மடியில் நடுங்கிய அந்த இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் இறுகப் பிடித்துக்கொண்டார். முகம் பாயில் அழுந்தியிருந்தது. எதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது. நடுக்கம் நிற்கும் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்போ" என்றார்.